நெய்க்கு வந்த எலியும் நெல் கொடுத்த அரசனும்

கோடியக்கரையில் நிலம் முடிகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக்கு நீரிணை. காவிரிப் படுகையின் நெல்வயல்கள் வடக்கிலேயே நின்றுவிடுகின்றன. முனையில் இருப்பவை உப்பளமும் சதுப்பும் உலர்ந்த காடும்தான். 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காட்டுக்குள் இராமர் பாதம் என்றொரு மேடு இருக்கிறது, சித்தர் கோயில் இருக்கிறது, தர்கா இருக்கிறது. ஊரில் இருப்பது கோடிக்குழகர் கோயில். சேரமான் பெருமாளோடு இங்கு வந்த சுந்தரர், ஆளரவம் இல்லாத கடலோரத்தில் இப்படித் தனியாக இருக்கிறாயே என்று இறைவனிடமே வருந்திப் பாடினார். இங்கிருந்து கரையோரமாக வடக்கே போனால் வேதாரண்யம், வேளாங்கண்ணி, நாகப்பட்டினம், நாகூர், தரங்கம்பாடி, பூம்புகார் என்று ஊர்கள் வரிசையாக வரும். ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்குள் சைவம், பௌத்தம், இஸ்லாம், கத்தோலிக்கம், சீர்திருத்தக் கிறிஸ்தவம் ஆகிய ஐந்து சமயங்களுக்கும் இங்கே பெரிய வரலாறு உண்டு. அந்த வரலாறுகளை அந்தந்தச் சமயத்தார் சொல்லியபடியே படித்தாலும் ஒரு செய்தி விடாமல் வருகிறது. நெருக்கடியான நேரத்தில் நீண்ட கை பெரும்பாலும் அந்தச் சமயத்தைச் சேராத ஒருவருடைய கை. நம்பிக்கை இல்லாத அரசர், வேறு தெய்வத்தை வணங்கிய ஆசிரியர், யாரும் பொருட்படுத்தாத சிறுவன். இறைவன் தன் வேலையைத் தன் அடியார்களைக் கொண்டு மட்டுமே செய்கிறான் என்று நினைப்பவர்கள் இந்தக் கரையின் சான்றுகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வேதாரண்யத்தில் தொடங்கலாம், இந்த வாதத்தின் வித்து அங்கேதான் கிடக்கிறது. அங்குள்ள திருமறைக்காட்டுக் கோயிலில் அணையும் நிலையில் இருந்த விளக்கில் நெய் குடிக்க ஓர் எலி வந்தது. சுடர் மூக்கைச் சுட்டது. எலி துள்ளியதில் திரி தூண்டப்பட்டு விளக்கு நின்று எரிந்தது. அந்த எலியை இறைவன் மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாக்கி மூவுலகையும் ஆளக் கொடுத்தான் என்பது தல வரலாறு. அப்பரே தம் தேவாரத்தில் இதைச் சொல்லியிருப்பதால் இது பிற்காலத்தில் யாரோ சேர்த்த கதை என்று ஒதுக்க முடியாது. வேதாரண்யம் விளக்கழகு என்று ஊர்ப்புறத்தில் சொல்வது இன்றும் வழக்கம். ஆனால் அந்த அழகுக்குள் இருக்கும் இறையியலை நாம் அதிகம் யோசிப்பதில்லை. எலிக்குப் பக்தி கிடையாது. விளக்கு யாருடையது என்பது அதற்குத் தெரியாது. அது வந்தது தன் பசிக்கு. நெய் குறைந்தால் விளக்கு அணையும் என்பதால், நியாயப்படி பார்த்தால் அது கோயிலுக்குத் தீங்கு செய்யவே வந்தது. ஆனாலும் விளக்கு எரிந்தது, எரிந்ததற்கான பலன் எலியின் கணக்கில் எழுதப்பட்டது. செய்தவருடைய நோக்கத்தைத் தாண்டி ஒரு செயல் இறைவனுக்கு உரியதாகிவிடலாம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கதை தமிழ்ச் சைவத்தில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அதே கோயிலில் இன்னொன்றும் நடந்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. வேதங்கள் பூசித்துத் திருக்காப்பிட்டுப் போன கதவு அடைத்தே கிடந்தது. ஊரார் வேறொரு வாயில் வழியாகப் போய் வழிபட்டு வந்தார்கள். அப்பர் பாடியபோது அந்தக் கதவு திறந்தது, சம்பந்தர் பாடியபோது மூடியது. இதை இரு அருளாளர்களின் பெருமையாகவே நாம் படித்துப் பழகிவிட்டோம். திறந்தவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். அப்பர் தம் வாழ்வின் ஒரு பகுதியைச் சமணத் துறவியாக, தருமசேனர் என்ற பெயரில் கழித்தவர். வேதத்தை ஏற்காத சமயத்தில் இருந்து திரும்பி வந்த, வேளாளர் குடியில் பிறந்த ஒருவர், வேதங்களே பூட்டியதாகச் சொல்லப்படும் கதவைத் தமிழால் திறக்கிறார். மரபு தன் கதவைத் திறக்கும் பொறுப்பை ஒரு காலத்தில் வெளியே நின்றவரிடம் கொடுத்திருக்கிறது.

இனி கதையை விட்டுச் செப்பேட்டுக்கு வரலாம். முதலாம் இராஜராஜன் தன்னைச் சிவபாதசேகரன் என்று அழைத்துக்கொண்டவன். தஞ்சையில் பெருவுடையார் கோயிலை எழுப்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தன் 21-ம் ஆட்சியாண்டில், அதாவது 1006-ஐ ஒட்டி, நாகப்பட்டினத்தில் இருந்த ஒரு பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை விட்டுக்கொடுத்தான். பள்ளியை எழுப்பியவன் கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசன் மாற விஜயோத்துங்கவர்மன். தன் தந்தையின் பெயரால் அதற்குச் சூளாமணிவர்ம விகாரம் என்று பெயரிட்டான். கொடையின் விவரம் வியக்க வைக்கிறது. நிலம் 97 வேலிக்கும் சற்று மேல். அதிலிருந்து வர வேண்டிய நெல் 8,943 கலமும் சில்லறையும். சில்லறை என்று நான் எழுதியதைச் செப்பேடு அப்படி விடவில்லை. தூணி, குறுணி, நாழி வரை எண்ணி எழுதியிருக்கிறது. பெண் யானையை எல்லை சுற்றி நடத்தி நிலத்தைக் குறித்தார்கள். தந்தை வாய்மொழியாக அளித்ததை மகன் இராஜேந்திரன் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். புத்தரை வணங்காத ஓர் அரசன், தன் சிவன் கோயில் கணக்கை எழுதிய அதே கண்டிப்போடு, புத்தபிக்குகளுக்குச் சேர வேண்டிய கடைசி நாழி நெல்லையும் கணக்கெடுக்கச் செய்திருக்கிறான். அந்த நெல்லை விளைவித்த ஆனைமங்கலத்து உழவர்களையும் நினைக்க வேண்டும். அவர்களில் பலர் புத்தரை வணங்கியிருக்க வாய்ப்பில்லை. ஆனால் பள்ளியில் உலை கொதித்தது அவர்கள் வயலால்.

இங்கே ஒரு தடை எழும், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இதெல்லாம் வணிகம், இதில் இறைவன் எங்கே வந்தான் என்று கேட்கலாம். ஸ்ரீவிஜயம் மலாக்கா நீரிணையைத் தன் பிடியில் வைத்திருந்தது. சீனத்துக்குப் போகும் சோழ நாட்டுக் கப்பல்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். நாகப்பட்டினம் துறைமுகத்தில் அந்நாட்டார் வணங்க ஓர் இடம் தருவது நல்ல ராஜதந்திரம். இந்த விளக்கத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். 1025-ஐ ஒட்டி இராஜேந்திரன் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது கப்பற்படையை அனுப்பிக் கடாரத்தை வென்றான் என்பதே இந்த உறவு வெறும் ஆன்மிக நட்பு இல்லை என்பதற்குப் போதுமான சான்று. ஆனால் 1090-ல் முதலாம் குலோத்துங்கன், கடாரத்து அரசனின் தூதர்கள் கேட்டுக்கொண்டபடி, அந்தப் பள்ளியின் உரிமைகளை மீண்டும் உறுதிசெய்கிறான். நட்பும் போரும் வந்து போயின, அரசர்கள் மாறினார்கள். 80 ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் பள்ளியின் உரிமை ஆவணத்தில் நிற்கிறது. அரசனின் நோக்கம் எதுவாக இருந்தாலும் விளைவு அந்த நோக்கத்தைவிட நீண்ட ஆயுளோடு இருந்தது. அரசன் ஏன் கொடுத்தான் என்பது வரலாற்றாசிரியரின் கேள்வி. எனக்கு இது யார் வழியாக வந்தது என்பது பசித்த பிக்குவின் கேள்வி. முதல் கேள்விக்கு வணிகம் என்று விடை கிடைத்ததாலேயே இரண்டாவது கேள்வி செத்துவிடாது. நெய்க்கு வந்த எலியைக் கதை மறைக்கவில்லை. நெய்க்குத்தான் வந்தது என்று சொல்லிவிட்டே மாவலியாக்குகிறது.

உலகத்தின் பழைய ஏடுகளும் இதே முடிச்சைச் சந்தித்திருக்கின்றன. பாரசீக அரசன் கோரேசு கி.மு. 539-ல் பாபிலோனைப் பிடித்தான். அங்கே சிறைப்பட்டிருந்த யூதர்கள் எருசலேமுக்குத் திரும்பிக் கோயிலைக் கட்ட வழி பிறந்தது. விவிலியத்தின் ஏசாயா நூல் அவனைக் கடவுளால் அபிஷேகம் செய்யப்பட்டவன் என்றே அழைக்கிறது, அவன் அந்தக் கடவுளை அறியாதவன் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. 1879-ல் பாபிலோனில் தோண்டி எடுத்த களிமண் உருளையில் கோரேசின் சொந்தக் கூற்று இருக்கிறது. தன் வெற்றிக்கு அவன் நன்றி சொல்வது மர்துக் என்ற பாபிலோனியத் தெய்வத்துக்கு. இரண்டு ஆவணங்களும் முரண்படுவதாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விடுதலை பெற்றவர்களின் சாட்சியும் விடுவித்தவனின் சாட்சியும் வேறு வேறாகத்தான் இருக்கும். இஸ்லாத்தின் தொடக்கத்திலும் மக்காவில் துன்புறுத்தப்பட்ட முதல் முஸ்லிம்கள் அடைக்கலம் தேடிப் போனது அபிசீனியாவின் கிறிஸ்தவ அரசர் நஜ்ஜாஷியிடம். சொந்த ஊரார் துரத்தினார்கள், வேறு வேதக்காரர் கதவைத் திறந்தார்.

அதே இஸ்லாம் நம் கரையில் வேரூன்றிய விதமும் இதை ஒத்ததே. நாகூர் ஆண்டவர் என்று எல்லாச் சமயத்தாரும் அழைக்கும் ஷாகுல் ஹமீது 16-ம் நூற்றாண்டில் இங்கு வந்து தங்கினார். தீராத நோயில் கிடந்த தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்பரை அவர் குணப்படுத்தினார் என்பதும், ஊசி தைத்த புறாவொன்றின் உடலிலிருந்து ஊசிகளை எடுத்ததும் மன்னரின் வலி நீங்கியது என்பதும், அதற்கு நன்றியாகவே நிலம் கிடைத்தது என்பதும் தர்கா மரபு. மரபை விட்டுக் கட்டடத்தைப் பார்த்தாலும் செய்தி ஒன்றுதான். தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயரமான 131 அடி மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங், 1739 முதல் 1763 வரை ஆண்டவர், இந்து. தெற்கே வேளாங்கண்ணியில் அரசரும் இல்லை, செல்வரும் இல்லை. மாதா காட்சி கொடுத்ததாகத் திருத்தல மரபு சொல்லும் முதல் இருவர், பால் கொண்டுபோன ஓர் இந்துச் சிறுவனும், மோர் விற்ற ஏழைக் கைம்பெண்ணின் நடக்க முடியாத மகனும். நாகப்பட்டினத்தில் அப்போது பணமுள்ள கத்தோலிக்கர்கள் இருந்தார்கள். செய்தி அவர்களுக்கு நேராகப் போகவில்லை, அந்த மோர்க்காரச் சிறுவன் எழுந்து ஓடிச் சொல்லித்தான் தெரிந்தது.

தரங்கம்பாடியில் நடந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே நம்பிக்கை உள்ள அதிகாரமும் நம்பிக்கை இல்லாத அதிகாரமும் அருகருகே நிற்கின்றன. 1620-ல் அந்தக் கரையில் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்ட இடம் கொடுத்தவர் தஞ்சையின் ரகுநாத நாயக்கர், இராமபக்தர். 86 ஆண்டுகள் கழித்து, 1706 ஜூலையில், டென்மார்க் அரசர் நான்காம் ஃப்ரெடரிக் அனுப்பிய சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். கோட்டையை ஆண்ட ஹாசியுஸ் கிறிஸ்தவர், சீகன்பால்கின் சபையையே சேர்ந்தவர், அதே அரசருக்குக் கட்டுப்பட்டவர். அவர்தான் 1708 இறுதியில் சீகன்பால்கைப் பிடித்து நான்கு மாதம் கோட்டைக்குள் அடைத்துவைத்தார். உதவி வேறு பக்கத்திலிருந்து வந்தது. மணலில் எழுதிப் படிக்கும் பிள்ளைகளோடு ஒருவராக உட்கார்ந்து தமிழ் எழுத்தைக் கற்க அவருக்கு இடம் கொடுத்தவர் ஒரு முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர், கிறிஸ்தவர் அல்லர். பேச்சையும் இந்த நாட்டு வழக்கங்களையும் சொல்லிக்கொடுத்த அழகப்பனும் கிறிஸ்தவர் அல்லர். ஓலைச்சுவடிகளைக் கொடுத்தும் படியெடுத்தும் உதவியவர்கள் சைவர்களும் வைணவர்களும். அச்சுப்பொறி இங்கிலாந்திலிருந்து, வேறு சபையாரின் கொடையாக வந்தது. 1715-ல் தரங்கம்பாடியில் அச்சேறிய தமிழ்ப் புதிய ஏற்பாட்டுக்குப் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது. அதை நம்பிப் படித்த ஒவ்வொருவரும், அதை நம்பாத ஓர் ஆசிரியருக்குக் கடன்பட்டவர். அவர் பெயரைச் சபை வரலாறுகள் அச்சகத்தின் பெயரைப்போல் கொண்டாடவில்லை. கொண்டாடியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

அடுத்த தலைமுறையில் வந்த சுவார்ட்ஸ் பாதிரியார் கதை திசை மாறிப் பாய்கிறது. 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர், திருச்சியில் பல ஆண்டுகள் இருந்து, 1778-ல் தஞ்சைக்குக் குடியேறினார். 1779-ல் ஹைதர் அலியிடம் தூது போக ஆள் தேவைப்பட்டபோது, ஆங்கிலேயக் கம்பெனி தன் அதிகாரிகளை விட்டுவிட்டு இவரை அனுப்பியது. ஹைதர் ஆங்கிலேயர் எவரையும் நம்பவில்லை, இந்தப் பாதிரியார் தன்னை ஏமாற்றமாட்டார் என்று மட்டும் நம்பினார். பின்னர் ஹைதரின் படை கருநாடகத்தின் மீது பாய்ந்தபோதும், பாதிரியாரை யாரும் தடுக்கக் கூடாது என்று தம் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டிருந்தார். அந்தப் போரில் தஞ்சைச் சீமை அழிந்தது. கோட்டைக்குள் பஞ்சம், தெருவில் பிணங்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, ஆனால் குடியானவர்கள் கொண்டுவர மறுத்தார்கள். முன்பு கொடுத்த நெல்லுக்கும் மாட்டுக்கும் காசு வந்ததில்லை. அரசரின் வாக்கு செல்லவில்லை, கம்பெனியின் வாக்கும் செல்லவில்லை. கடைசியில் சுவார்ட்ஸ் தாமே பொறுப்பேற்றுப் பணம் தருவதாகச் சொன்ன பிறகு மாடுகள் வந்தன, 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. கொண்டுவந்த ஒவ்வொருவருக்கும் அவர் பணம் கொடுத்து முடித்தார். சிவனையும் பெருமாளையும் அய்யனாரையும் வணங்கிய ஒரு நகரம் சாவிலிருந்து தப்பியது, அந்தத் தெய்வங்களில் எதையும் ஏற்காத ஒரு வெளிநாட்டாரின் நாணயத்தால். பிரகதீசுவரர் தம் ஊரைக் காத்தார் என்று அன்று ஒரு தஞ்சாவூர்க்காரர் சொல்லியிருந்தால், அதை நான் மறுக்கமாட்டேன். கர்த்தர் காத்தார் என்று சுவார்ட்ஸ் சொல்லியிருந்தாலும் மறுக்கமாட்டேன். நெல் வந்தது என்பதில் இருவருக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

அக்காலத்தில் சமய வேலியே இல்லை, எல்லாம் கலந்து கிடந்தன, ஆகவே இவர்களை நம்பிக்கை இல்லாதவர்கள் என்று பிரிப்பதே தவறு என்று இன்னொரு தடையும் சொல்லப்படுகிறது. கேட்க இனிமையாக இருக்கிறது, சான்று இதற்குத் துணை நிற்கவில்லை. சம்பந்தர் பதிகங்களில் சமண பௌத்தர்களைக் கண்டிப்பதற்கென்றே ஒரு பாடல் ஏறக்குறைய தவறாமல் வருகிறது. சீகன்பால்கு தம் ஆசிரியர்களின் சமயம் பிழையானது என்று அவர்களிடமே வாதாடினார். அவர்களும் விடாமல் எதிர்வாதம் செய்தார்கள். சுவார்ட்ஸ் தஞ்சை மன்னர் துளஜாவின் முகத்துக்கு நேரே தம் கொள்கையைச் சொன்னார், மன்னர் மதம் மாறவில்லை. துளஜா தத்தெடுத்த சரபோஜியைச் சிறுவயதில் ஆபத்துகளிலிருந்து காத்து, படிக்க வைத்து, அரியணை உரிமைக்காக வாதாடியதும் சுவார்ட்ஸ்தான். ஆனாலும் சரபோஜி இந்துவாகவே வாழ்ந்தார். தம் குலத்தின் வரலாற்றைப் பெரிய கோயில் சுவரில் மராத்தியில் வெட்டிவைத்த அதே மன்னர், 1798-ல் இறந்த பாதிரியாருக்காக ஆங்கிலத்தில் கல்லறைப் பாடல் எழுதினார். இலண்டனில் ஃப்ளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சொல்லிப் பளிங்கில் நினைவுச் சின்னமும் செய்து வரவழைத்தார். மரணப் படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் கையை மன்னர் பிடித்திருக்கும் அந்தச் சிற்பம் தஞ்சைத் தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது. வேலி இருந்தது. இருவரும் அதைத் தெளிவாகப் பார்த்தார்கள். வேலியைத் தாண்டிக் கை நீண்டது என்பதால்தான் இது பேச வேண்டிய செய்தியாகிறது.

இதே கோணத்தில் நம் தமிழ்ப் பதிப்பு வரலாற்றையும் பார்க்கலாம். 1880-ல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், கல்லூரியில் புதிதாக ஆசிரியரான உ.வே.சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. சைவ மடத்தில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற அவருக்கு அந்தச் சமண நூல் வழியில் வந்ததே கிடையாது. பொருள் புரியாமல் திணறியவர், சிந்தாமணியைப் புனித நூலாக வைத்துப் பாராயணம் செய்த கும்பகோணத்துச் சமண வீடுகளைத் தேடிப் போய்க் கேட்டுக்கொண்டார். நூல் 1887-ல் அச்சாயிற்று. 1898-ல் மணிமேகலையை வெளியிட்டபோது கேட்டுத் தெளியக்கூடப் பௌத்தர் ஒருவரும் சோழநாட்டில் இல்லை. வைணவரான ரங்காசாரியார் பௌத்தக் கோட்பாடுகளை விளக்கி உதவினார். ஆனைமங்கலத்து நெல் உண்ட சமயத்தின் தமிழ்க் காப்பியம், அந்தச் சமயத்தார் எல்லாரும் மறைந்த பிறகு, திருநீறு பூசிய ஒருவராலும் திருமண் இட்ட ஒருவராலும் மீண்டு வந்தது.

மூன்றாவது தடைதான் கனமானது. நம்பிக்கை இல்லாத அதிகாரத்தின் வழியாகவும் இறைவன் வேலை செய்கிறான் என்று ஒப்புக்கொண்டால், அதிகாரம் செய்யும் எல்லாவற்றையும் இறைவன் செயல் என்று வணங்க வேண்டிவராதா? கொடுங்கோலனுக்குத் தெய்வ முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடாதா? இந்த ஆபத்து உண்மையானது, உலகம் முழுவதும் நடந்திருக்கிறது. ஆனால் அதற்குக் கடிவாளம் அதே பழைய கதைகளிலேயே இருக்கிறது. எலி மாவலியானான், மூவுலகை ஆண்டான், செருக்கு ஏறியபோது வாமனனின் அடிக்குக் கீழே போனான். விளக்கைத் தூண்டிய புண்ணியம் அவனை அந்த அடியிலிருந்து காக்கவில்லை. ஏசாயா நூலில் அசீரிய அரசன் கடவுளின் கையிலிருக்கும் கோல் என்று சொல்லப்படுகிறான். அவனுடைய ஆணவத்துக்குத் தண்டனையும் அதே பகுதியில் அறிவிக்கப்படுகிறது. கருவியாக இருப்பது குற்றத்துக்கு மன்னிப்பு ஆகாது. தவிரவும், நம்பிக்கை உள்ள கை எப்போதும் நன்மையே செய்யும் என்ற எண்ணத்துக்கும் இந்தக் கரை இடம் கொடுக்கவில்லை. சூளாமணி விகாரத்தில் மிஞ்சி நின்ற உயரமான கோபுரத்தை 1867-ல் இடித்தவர்கள் இயேசு சபைப் பாதிரியார்கள், அனுமதி கொடுத்தது சென்னை அரசு. கல்லூரிக்காகத்தான் இடித்தார்கள், கல்வி நல்ல காரியம்தான். ஆனாலும் பல நூற்றாண்டுகளாக மாலுமிகளுக்கு அடையாளமாக நின்ற ஒன்று போய்விட்டது, அதை எந்தச் சமாதானமும் சரிக்கட்டாது. கோபுரம் நின்ற இடத்தைச் சுற்றி 1856 முதல் பல முறையாகக் கிடைத்த 350-க்கு நெருங்கிய பௌத்தப் படிமங்களை இன்று அருங்காட்சியகங்களில் பார்க்கிறோம். படிமங்கள் கிடைத்ததற்கு நன்றி சொல்லலாம். இடித்தது சரி என்று அதனால் ஆகிவிடாது.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் அன்றாடக் காரியங்களிலும் ஒரு தெளிவு வரும். கோயில் குளத்தைத் தூர்வார ஆணையிடும் அதிகாரிக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் குளத்தில் இறங்க வேண்டும் என்பதில்லை. சந்தனக்கூடு ஊர்வலத்துக்குப் பாதுகாப்பு தரும் காவலர், வேளாங்கண்ணிக்குக் கூடுதல் பேருந்து விடும் மேலாளர், திருவாரூர்த் தேருக்குச் சக்கரத்தடை சரிபார்க்கும் பொறியாளர், இவர்களுடைய சமயமும் நாத்திகமும் அவர்களோடு இருக்கட்டும். அவர்கள் செய்வதை அருளாக ஏற்பவர் ஏற்கலாம், கடமையாகப் பார்ப்பவர் பார்க்கலாம். அதே மூச்சில் அவர்கள் தவறு செய்தால் கணக்குக் கேட்கவும் வேண்டும், ஆனைமங்கலத்தில் நாழி வரை கணக்குப் பார்த்ததுபோல. இறைவன் இவரைப் பயன்படுத்துகிறான் என்று சொல்லிக் கேள்வி கேட்காமல் இருப்பவர், இறைவனையும் புரிந்துகொள்ளவில்லை, அதிகாரத்தையும் புரிந்துகொள்ளவில்லை.

ஆனைமங்கலக் கொடையை நாம் அறிந்திருப்பதற்குக் காரணமான செப்பேடுகளே இதற்கு நல்ல சோதனை. 21 ஏடுகள் கொண்ட இராஜராஜன் சாசனத்தையும், குலோத்துங்கனின் சிறிய சாசனத்தையும் டச்சுக்காரர்கள் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். நெடுங்காலம் அவை லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. சைவ அரசன் பௌத்தர்களுக்குக் கொடுத்ததைப் புராட்டஸ்டண்ட் நாட்டார் அழியாமல் வைத்திருந்தார்கள். விகாரத்தின் கல்லும் சுடுமண்ணும் போன பிறகும் எல்லையும் அளவும் நெல்லும் நமக்குத் தெரிவது அதனால்தான். காத்துவைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். அவை நாகப்பட்டினத்துக்கு உரியவை என்று உரிமை கேட்கவும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சொல்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.